டைகர் டாங்கி: இடது பக்கம் மட்டும் சுற்றுக்கு ஒருமுறை இறுகுகிறது

கல்லடிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். 6 இல் 1 அளவில், முழுக்க உலோகத்தில் ஒரு டைகர் 1 (இரண்டாம் உலகப் போர்க் கால ஜேர்மன் டாங்கி) மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். மூன்று வருட வேலை. மட்டக்களப்பில் இருந்துகொண்டு டாங்கி செய்கிறேன் என்றால் பெரியவர்களின் முகம் மாறும், அது எனக்கு விளங்கும். என்னை இழுத்தது பீரங்கி அல்ல, அவ்வளவு கனத்தை நகர்த்துகிற பொறிதான்.

பக்கத்துக்கு ஒரு 24 வோல்ட் மோட்டர், கியர் பொக்ஸோடு. அங்கிருந்து முன்னால் இருக்கும் ஓட்டு அச்சுக்குச் செயின். அசல் வண்டியிலும் எஞ்சின் பின்னால், ஓட்டும் பற்சக்கரம் முன்னால்தான். அதில் 20 பல், பக்கத்துக்கு 96 ட்றாக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) கண்ணி.

வண்டியைக் கட்டையில் ஏற்றி, ட்றாக் போடாமல் மெதுவாக ஓட்டினேன். வலது பக்கம் 3 அம்பியரிலேயே நிற்கிறது. இடது பக்கம் அச்சு ஒரு சுற்று வரும்போது ஒருமுறை 7 வரை ஏறி இறங்குகிறது, மோட்டர் முக்குகிற சத்தமும் கேட்கிறது. பெயரிங்கை இரண்டு தரம் கழற்றிப் பூட்டினேன். கிறீஸ் மாற்றினேன். செயினைத் தளர்த்தினால் 5 க்கு இறங்குகிறது, ஆனால் அரைச் சுற்றில் செயின் தொங்கி அடிக்கிறது. ட்றாக்கைப் போட்டு ஓட்டினால் பழகிவிடுமா?

லேத்_கல்முனை:

ட்றாக்கைப் போடாதீங்க தம்பி. அது பழகாது, கியரைத் தின்னும்.

பெயரிங் கோணலாக இருந்தால் சுற்று முழுக்க இறுக்கமாகத்தான் இருக்கும். ஒரு இடத்தில் இறுகி, எதிர்ப்பக்கத்தில் தொங்குகிறது என்றால் ஏதோ ஒன்று நடுவில் இல்லை. செயினைக் கழற்றிவிட்டு அச்சைக் கையால் சுற்றுங்கள். இலேசாகச் சுற்றினால் அச்சிலும் பெயரிங்கிலும் பிழை இல்லை, செயின் ஓடும் பற்சக்கரம்தான் மையம் விலகி நிற்கிறது. அப்போதும் இறுகினால் அச்சைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. அந்தச் சக்கரத்தை அச்சோடு கிரப் ஸ்க்ரூவால் (பக்கத்திலிருந்து அச்சை அழுத்தும் தலையில்லாத ஸ்க்ரூ) பிடித்திருக்கிறீர்களா? துளை கொஞ்சம் லூஸாக இருந்தாலும், அந்த ஸ்க்ரூவை இறுக்க இறுக்கச் சக்கரம் ஒரு பக்கமாகத் தள்ளுப்படும். வயல் காலத்தில் என்னிடம் லேண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) அச்சுகள் நிறைய வரும். பெயரிங்கையே மாற்றி மாற்றிக் காசை விட்டிருப்பார்கள், குற்றம் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தில் கிடக்கும். பார்க்கவே மனம் கேட்காது.

ஏறாவூரான்:

கல்முனை அண்ணன் சொல்வது சரி. கழற்றும் நேரத்தோடு இதையும் பாருங்கள்: கல்லடியில் கடல் காற்று. அலுமினியத் தகட்டில் இரும்பு போல்ட்டை வெறுமனே பூட்டினால் இரண்டு வருடத்தில் அரித்துப் பிடித்துவிடும், கழற்ற அசையாது. நடுங்குகிற இடங்களில் நீல லொக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும், முதலில் எண்ணெயை நன்றாகத் துடைக்க வேண்டும். பெயரிங்குக்குள் வழிய விடாதீர்கள்.

கல்லடிக்காரன்:

அண்ணன், செயினைக் கழற்றியதும் அச்சு ஒரு விரலால் சுற்றியது. டயல் கேஜில் (நுண்ணிய அசைவை அளக்கும் முள் மானி) சக்கரம் 0.6 மில்லிமீற்றர் ஆடியது. ஸ்க்ரூவைத் தளர்த்தினால் சக்கரம் அச்சில் கடகடவென்று ஆடுகிறது. அந்தத் துளையை நான்தான் வீட்டு ட்ரில்லில் போட்டேன்.

துளையைப் பெருப்பித்து, புஷ் (உள் வளையம்) அடித்து, அச்சின் அளவுக்கே கடைந்து, கீ (சக்கரம் அச்சில் வழுக்காமல் பிடிக்கும் ஆப்பு) வெட்டிப் பூட்டிவிட்டேன். பெயரிங் போல்ட் நான்கையும் முதலில் அரைகுறையாக விட்டு, அச்சைச் சுற்றிக்கொண்டே குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கினேன். செயின் நடுவில் மேலும் கீழுமாக மொத்தம் 8 மில்லிமீற்றர் ஆடுகிறது, எங்கே நிறுத்திப் பார்த்தாலும் அதே அளவு. இப்போது 3 க்கும் 3.4 க்கும் நடுவில் ஓடுகிறது. இரண்டு பேருக்கும் மிக்க நன்றி.

ட்றாக் இன்னும் போடவில்லை. வலது பக்கச் சக்கரத்தையும் முதலில் கழற்றிப் பார்க்கப் போகிறேன். அதையும் அதே ட்ரில்லில்தான் துளைத்தேன்.