ஹொங்கொங் 1997: 'த்ரூ ட்ரெயின்' ஏற்பாட்டுக்கு 'இணக்கத் தொடர்வு' பொருந்துமா?

அன்பர்களுக்குத் திருகோணமலையிலிருந்து வணக்கம்.

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் பயிலும் எங்கள் ஊர் மாணவருக்காக ஹொங்கொங் கையளிப்பைப் பற்றிக் குறிப்பு எழுதி வருகின்றேன். அதில் வரும் 'த்ரூ ட்ரெயின்' (through train, நேரடி ரயில்) ஏற்பாட்டுக்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே முன்மொழியப்பட்ட 'நேரோட்டம்', 'பதவி நீடிப்பு' ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

1995இல் பிரித்தானிய ஆட்சியின்கீழ் தெரிவாகும் சட்டவாக்க சபை உறுப்பினர்கள், 1997 யூலை 1ஆம் திகதி இறைமை சீனாவிடம் சென்ற பின்னரும் ஆசனத்தை விட்டு எழாமல் 1999 வரை பணியாற்றலாம் என்பதே அவ்வேற்பாடு. கௌலூனுக்கும் குவாங்சோவுக்கும் இடையே 1979இல் மீண்டும் ஓடத் தொடங்கிய நேரடி ரயிலில் சென்றவர்கள், எல்லையிலுள்ள லோ வூவில் இறங்கிப் பாலத்தை நடந்து கடக்க வேண்டியிருக்கவில்லை. கல்ஓயா சந்தியில் இறங்கி மட்டக்களப்பு வண்டிக்காகக் காத்திருந்த நம்மவருக்கு இவ்வுருவகம் உடனே விளங்கும்.

ஆனால் 'நேரோட்டம்' அந்தப் பயணத்தை மட்டுமே சொல்கிறது. அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனையைச் சொல்லவில்லை. சபையின் அமைப்பு தனது தீர்மானத்துக்கு இணங்கியதாக இருக்க வேண்டும் என்றும், உறுப்பினர்கள் கையளிப்பின் பின் ஹொங்கொங்கின் அரசியலமைப்புப் போல் அமையும் அடிப்படைச் சட்டத்தை ஆதரித்து, கையளிப்புக்காகச் சீனா அமைக்கும் ஆயத்தக் குழுவினால் உறுதிப்படுத்தப்பட வேண்டும் என்றும் சீனத் தேசிய மக்கள் காங்கிரஸ் 1990 ஏப்பிரல் 4ஆம் திகதியே வரையறுத்திருந்தது. 'நீடிப்பு' என்பதோ முடிந்த காலத்தோடு புதிதாய்ச் சேர்ப்பது. இங்கே நான்காண்டும் தொடக்கத்திலிருந்தே ஒரே பதவிக்காலம்.

ஆளுநர் கிறிஸ் பட்டன் 1992 ஒக்டோபரில் முன்வைத்த சீர்திருத்தங்கள் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்ததோடு, இடவாரியாக அன்றித் தொழில்வாரியாக உறுப்பினரைத் தெரியும் ஒன்பது புதிய தொழில்சார் தொகுதிகளில் உழைக்கும் மக்கள் பெருந்திரளாக வாக்களிக்கவும் வழி செய்தன. இவை அடிப்படைச் சட்டத்துக்கும் முன்னைய உடன்பாடுகளுக்கும் முரணானவை என்று பீஜிங் வாதிட்டது. 1993 ஏப்பிரல் தொடக்கம் நவம்பர் வரை பதினேழு சுற்றுகள் பேசியும் இணக்கம் எட்டப்படவில்லை. மக்களுக்கு மேலும் வாக்குரிமை அளித்த ஒரு சபை, இரு அரசுகளும் உடன்படாமையால் கலைய நேர்ந்ததை நான் பெருந்துயரமாகவே கருதுகிறேன். 1995இல் தெரிவான அறுபதின்மரும் 1997 யூன் 30ஆம் திகதியுடன் பதவி இழந்தனர். நானூறு பேர் கொண்ட தெரிவுக் குழு 1996 டிசெம்பரில் தேர்ந்தெடுத்த தற்காலிக சட்டவாக்க சபை அவர்களின் இடத்துக்கு வந்தது.

ஆகவே 'இணக்கத் தொடர்வு' என்பதை முன்மொழிகின்றேன். விதிக்கு இணங்குதல், இரு தரப்பும் இணங்குதல் ஆகிய இரு பொருளையும் 'இணக்கம்' ஒருங்கே தாங்குகிறது. 'தொடரவை' என்றும் எண்ணிப் பார்த்தேன். அது ஏவல் வினையாகப் படிக்கப்படும். 'கைமாற்றுத் தொடர்வு' என்றால் மாணவர் கடனை நினைப்பர்.

"1993 பேச்சுவார்த்தை முறிந்தமையால் இணக்கத் தொடர்வு கைவிடப்பட்டது" என்ற வாக்கியம் விளக்கக் குறிப்பின்றி உங்களுக்குப் பொருள் தருகிறதா? இடறும் இடம் இருப்பின் தயங்காது எழுதுங்கள்.