வீட்டுப் பயிற்சி வீடியோ, உடன்வர ஆள் தேவை

நண்பர்களே, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஆரம்பநிலை இடையீட்டுப் பயிற்சி, அதாவது குழந்தையின் வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்து உதவும் பயிற்சி, தருகிறோம். எந்தத் திறன் எந்த வயதுக்குள் வர வேண்டும் என்று கோடுகளால் காட்டும் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணையில் குழந்தையின் வயதுக்கு நேரே பென்சிலை நிமிர்த்தி வைத்து, அதற்கு இடப்பக்கமே முடியும் கோடுகளை, அதாவது இதற்குள் வந்திருக்க வேண்டிய திறன்களை, பார்க்கச் சட்டென்று பழகிவிடுகிறார்கள். குறைமாதக் குழந்தையில்தான் தடுமாற்றம். 32 வாரத்தில் பிறந்த 6 மாதக் குழந்தைக்கு, 40 வாரத்துக்குக் குறைந்த 8 வாரத்தை வயதிலிருந்து கழித்துவிட்டு, அட்டவணையில் 4 மாதத்துக்கு நேரே பார்க்க வேண்டும். கழிக்காவிட்டால் நன்றாக வளரும் பிள்ளைக்கும் தாமதம் என்று எழுதி, தாயைப் பதறவைத்துவிடுவோம்.

பெரிய சிக்கல் வீட்டில்தான். பணியாளரே குழந்தையைக் குப்புறப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டுகிறார், அம்மா ஓரமாக நிற்கிறார். பணியாளர் கிளம்பியதும் பயிற்சி அதோடு சரி. குளிப்பாட்டும்போது, சோறூட்டும்போது இந்தப் பயிற்சிகளை அம்மா கையாலேயே செய்யவைப்பதைக் காட்டும் 3–5 நிமிடத் தமிழ் வீடியோ, பெற்றோர் ஒப்புதலோடு எடுத்தது, யாரிடமாவது உண்டா? மாதம் ஒருமுறை பணியாளரோடு வீடுகளுக்கு வந்து திருத்திச் சொல்லும் இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் தெரிந்தாலும் தயவுசெய்து சொல்லுங்கள்.