ஃபின்லாந்து பிஎச்டி: சம்பள ஒப்பந்தமா, கிராண்டா?

ஹெப்பாள்வாசி:
பெங்களூரில் எம்.டெக் முடிந்தது. ஃபின்லாந்தில் இரண்டு பிஎச்டி இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் பல்கலைக்கழகமே 4 வருஷ ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தருகிறது. மற்றதில் ஓர் அறக்கட்டளையின் கிராண்ட். கைக்கு வருவது ஏறக்குறைய ஒன்றுதான். எதைப் பிடிக்கலாம்? சம்பளத்தில் பேரம் பேச முடியுமா? மனைவியும் வருகிறார்.

வடக்குக்காற்று:
ஒப்பந்தம், யோசிக்கவே வேண்டாம். கிராண்டுக்கு ஒரு வரம்புவரை வரி இல்லை, அதனால்தான் தொகை கொழுகொழுவென்று தெரிகிறது. ஆனால் கிராண்ட் வாங்குபவர் ஊழியர் இல்லை. ஊழியருக்குப் பென்ஷனில் பெரும்பங்கைப் பல்கலைக்கழகம் கட்டும். பணியிட மருத்துவம் இலவசம். நோயில் படுத்தாலும் சம்பளம் உண்டு. கிராண்ட்காரர் பென்ஷன், விபத்துக் காப்பீடு இரண்டையும் மேலா என்ற நிறுவனத்தில் தானே எடுக்க வேண்டும். (அது விவசாயிகளுக்கான நிறுவனம். ஆராய்ச்சியாளர்களையும் அதன் தலையில் கட்டிவிட்டார்கள்!) 4 மாதமோ அதற்கு மேலோ ஓடும் கிராண்டுக்கு இது கட்டாயம்; வேலை தொடங்கி 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிரீமியம் உங்கள் கிராண்டிலிருந்தே போகும்.

இன்னொன்று: வேலையின்மை நிதி, அதாவது வேலை போனால் உறுப்பினருக்கு உதவித்தொகை தரும் அமைப்பு. சம்பளக்காரர் முதல் நாளே உறுப்பினராகிவிடுவது நல்லது, சேர்ந்த பிறகு செய்த வேலைதான் கணக்கில் வரும். 2024 செப்டம்பரில் வந்த விதிப்படி, உதவித்தொகை பெற 12 மாத வேலை தேவை. கிராண்ட் மாதங்கள் இதில் சேராது.

ஜெயநகர் கணக்கர்:
பேரம் பெரிதாக எடுபடாது. பொறுப்பு நிலை ஒன்று, தனிப்பட்ட செயல்திறன் ஒன்று, இரண்டும் சேர்ந்ததுதான் சம்பளம். பொறுப்பில் 11 நிலைகள். பிஎச்டிக்குப் பெரும்பாலும் 2 முதல் 4. "எந்த நிலையில் சேர்க்கிறீர்கள், அடுத்த நிலை எப்போது?" என்று கேளுங்கள், அதுதான் உருப்படியான கேள்வி. தகுதிகாண் காலம் 6 மாதம்வரை போகலாம்.

லீவு விஷயத்தில்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். ஆராய்ச்சிப் பணியாளருக்கு வருஷத்துக்கு 1612 மணி நேர வேலை. தனியாக ஆண்டு விடுப்பு கிடையாது. ஊருக்கு வருவதை வேலைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த வருஷத்துக்குச் சேர்த்துவைக்க எதுவும் இருக்காது.

வடக்குக்காற்று:
ரெசிடென்ஸ் பெர்மிட் படிவத்திலேயே ஃபின்னிஷ் அடையாள எண்ணையும் கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் டாக்ஸ் கார்டு (உங்கள் வரி விகிதத்தைச் சொல்லும் சீட்டு) தாமதமாகும். கார்டு இல்லாமல் முதல் சம்பளம் வந்தால் 60% வரி பிடித்துவிடுவார்கள். அதிகமாகப் பிடித்தது பிறகு திரும்பும், ஆனால் வாடகை அதுவரை காத்திராது.

பணியிட மருத்துவம் உங்களுக்கு மட்டும்தான். மனைவி கேலாவில் (ஃபின்லாந்தின் அரசு சமூகக் காப்பீட்டு நிறுவனம்) தனியாக விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப பெர்மிட்டில் அவர் வேலைக்கும் போகலாம். திருமணச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் அத்தாட்சி, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான முத்திரை).

ஹெப்பாள்வாசி:
சான்றிதழை லேமினேட் செய்துவிட்டோமே!

ஜெயநகர் கணக்கர்:
அதில் முத்திரை ஏறாது. பிரிக்க முயன்று கிழித்துவிடாதீர்கள். திருமணம் பதிவான சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, அதை அனுப்புங்கள்.