லோடர் வலது பக்கம் முழுசாக மடியவில்லை: ஆர்பிட்ரால் மாற்றணுமா?

கருப்பூர் ஆபரேட்டர்:
கருப்பூர் பக்கம் மேக்னசைட் குவாரியில் வீல் லோடர் ஓட்டுகிறேன். நடுவில் மடிகிற வண்டி. இடது பக்கம் கடைசி வரை சரியாக மடிகிறது. வலது பக்கம் நன்றாக ஆரம்பித்து, பாதிக்கு மேல் போனதும் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் ஸ்டியரிங் வீலும் இறுகிக்கொள்கிறது. ஆர்பிட்ரால் (ஸ்டியரிங் வீலுக்கு அடியில் இருக்கும் எண்ணெய் வால்வு) போய்விட்டது, புதுசு போடுங்கள் என்கிறார் வந்து பார்த்த மெக்கானிக். விலையைக் கேட்டு முதலாளி யோசிக்கிறார். ஒரு கையால் லேசாகச் சுற்றும் வீல் இவ்வளவு பெரிய வண்டியை எப்படித் திருப்புகிறது என்பதே எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்.

ஹைட்ராலிக் பெஞ்ச், சேலம்:
தம்பி, ஆர்பிட்ராலில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். இடது, வலது இரண்டுக்கும் எண்ணெயை அளந்து தருவது அதற்குள் இருக்கும் ஒரே கியர் செட்தான். அது தேய்ந்தால் இரண்டு பக்கமும் வீல் சும்மா சுற்றும். ஒரு பக்கம் மட்டும் இறுகாது.

உங்கள் வண்டியில் எண்ணெய்ப் பாதை இரண்டு. வீலுக்கு அடியில் ஆர்பிட்ரால் வழியாக ஓடுவது பைலட் ஆயில். அளவும் கொஞ்சம், அழுத்தமும் சுமார் 30 பார்தான். பெரிய ஸ்டியரிங் வால்வுக்குள் எண்ணெய் வழியைத் திறந்து மூடும் ஸ்பூல் என்ற உருளையை ஒரு பக்கம் தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது. ஸ்பூல் நகர்ந்ததும் மெயின் பம்ப் எண்ணெய் 200 பார் அளவில் சிலிண்டர்களுக்குப் பாயும். ஒன்று நீள, இன்னொன்று சுருங்க, வண்டி மடியும். வேகமாகச் சுற்றினால் ஸ்பூல் அதிகம் திறக்கும். சுற்றுவதை நிறுத்தினால் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். எண்ணெய் சிலிண்டரில் அடைபட்டு வண்டி மடிந்தபடியே நிற்கும். காரில் வருவது போல வீல் தானாக நேராகாததற்குக் காரணம் இதுதான்.

வீல் இறுகுகிறது என்றீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. வண்டி மடிகிற சென்டர் ஜாயின்ட்டில் பக்கத்துக்கு ஒரு ஸ்டாப் வால்வு இருக்கிறதா பாருங்கள். முன் சேசிஸும் பின் சேசிஸும் இடித்துக்கொள்வதற்குச் சற்று முன்பு ஒரு போல்ட் அந்த வால்வின் பின்னை (சிறு கம்பியை) அழுத்தி, அந்தப் பக்கத்துப் பைலட் ஆயிலை மட்டும் நிறுத்தும். அது போக வழியில்லாததால் வீல் இறுகும். வலது பக்க போல்ட் நீண்டிருந்தால் முன்கூட்டியே நிறுத்திவிடும். மெயின் ஸ்பூலிலோ சிலிண்டர் சீலிலோ கோளாறு என்றால் வீல் லேசாகச் சுற்றும், வண்டிதான் மடியாது.

வண்டியை நேராக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, வண்டி மடியாமல் பிடிக்கும் லாக் பாரைப் போட்ட பிறகே அந்த இடுக்குக்குள் போங்கள். ஆள் உள்ளே இருக்கும்போது வண்டி மடிந்தால் தப்பிக்க வழியே கிடையாது. அவசரத்தில் இதை விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

கருப்பூர் ஆபரேட்டர்:
அண்ணா, லாக் பார் போட்டுப் பார்த்தேன். வலது பக்க போல்ட்டின் லாக் நட் தளர்ந்து, போல்ட் நன்றாக வெளியே வந்திருந்தது. மேனுவலில் உள்ள அளவுக்கு வைத்து நட்டை முறுக்கினேன். இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மடிகிறது. ரொம்ப நன்றி.

ஏற்காடு மலைப்பாதை:
மழையில் ரோட்டில் மண் சரிந்தால் எங்கள் ஜேசிபியைத்தான் கூப்பிடுவார்கள். இன்ஜின் நின்றாலும் பலம் கொடுத்துச் சுற்றினால் முன்சக்கரம் திரும்புகிறது. லோடரிலும் அப்படித்தானா அண்ணா?

ஹைட்ராலிக் பெஞ்ச், சேலம்:
இல்லைங்க. உங்கள் வண்டியில் ஆர்பிட்ராலிலிருந்து எண்ணெய் நேராக சிலிண்டருக்குப் போகிறது. இன்ஜின் நின்றால் அந்த கியர் செட்டே கைப்பம்பாக வேலை செய்யும். பைலட் வகையில் நீங்கள் எவ்வளவு சுற்றினாலும் ஸ்பூல்தான் நகரும்; சிலிண்டரைத் தள்ள மெயின் எண்ணெய் வேண்டுமே! அதனால்தான் எமர்ஜென்சி பம்ப் தனியாக வைக்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள ரோட்டில் அது வேலை செய்யாத லோடரை ஏற்றவே கூடாது. பேட்டரி பம்ப் என்றால் அடிவாரத்தில் சமதளத்தில் இன்ஜினை அணைத்து, சுவிட்சைப் போட்டு, வண்டி மடிகிறதா பாருங்கள். சக்கர ஓட்டத்தில் சுழலும் பம்ப் என்றால் வண்டி உருளும்போதுதான் எண்ணெய் தரும்; நின்ற வண்டியில் சோதித்துவிட்டு பம்ப் போச்சு என்று கழற்றிவிடாதீர்கள்.