கழுகு கோழியைத் தூக்குது, எந்த வலை போடணும்? அவசரம்

கொல்லைப்புறம்:
கழுகு வந்து கோழியைத் தூக்கிட்டுப் போகுது. ஒரு வாரமா இதே தொல்லை. பழைய சிடி கட்டித் தொங்கவிட்டாச்சு, பொம்மையும் நட்டாச்சு. ஒண்ணும் நடக்கல. மேலே வலை போட்டா நிக்குமா? எந்த வலை வாங்கணும்? சீக்கிரம் சொல்லுங்க.

மண்வெட்டி:
கோழியா, குஞ்சா? எத்தனை வாரம்? பகல்லயா, ராத்திரியா? திறந்து மேயுதா, அடைப்புக்குள்ள இருக்கா? மேயுற இடம் எத்தனை அடி? இதைச் சொல்லாம எந்த வலைன்னு எப்படிச் சொல்றது?

அடைகாப்பவள்:
குஞ்சா இருந்தா சாயம் பூசி விடுங்க. ஊதா, இல்லன்னா அடர்பச்சை. பார்க்காத நிறமா இருந்தா பருந்து இரைன்னு நினைக்காது. செலவும் இல்ல.

பழைய கூண்டு:
கேள்வி கேட்கும் முன் பறவையைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வானத்தில் பறப்பதெல்லாம் கழுகு இல்லை. இதை இங்கே எத்தனை முறை எழுதுவது? வால் நுனி உள்வாங்கிப் பிளந்தாற்போல் இருந்தால் கரும்பருந்து. உடல் செங்காவி, தலையும் மார்பும் வெள்ளை என்றால் செம்பருந்து. புறா அளவில், குட்டையான வட்டச் சிறகோடு, மரக்கிளையில் ஒளிந்திருந்து தாழப் பாய்ந்தால் வல்லூறு. மூன்றும் வளர்ந்த கோழியைத் தூக்காது. கரும்பருந்தின் எடையே ஒரு கிலோவைத் தாண்டுவது அரிது. ஒன்றரைக் கிலோ பெட்டையை அது எப்படிச் சுமக்கும்? கோழி என்று எழுதியிருக்கிறீர்கள், குஞ்சாகத்தான் இருக்கும்.

அடைகாப்பவள்:
பேர் எதுவா இருந்தா என்னங்க? அவருக்குப் போனது குஞ்சு. பாடம் அப்புறம் நடத்தலாமே.

பழைய கூண்டு:
பேர் தெரியாமல் கயிறு கட்ட முடியாது, அம்மா. கரும்பருந்து சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டர். 60 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டினாலே பாய்ந்து இறங்கத் தயங்கும். வல்லூறின் விரிப்பு ஏறக்குறைய அந்த 60 செ.மீ.தான். சிறகை மடக்கி அதே கட்டத்தில் நுழைந்துவிடும். அதற்கு முழு வலை வேண்டும். சாயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குஞ்சின் பஞ்சு உதிர்ந்து இறகு முளைக்கும்போது நிறமும் போய்விடும். இளங்குஞ்சை நனைத்தால் குளிர் தாக்கும். ஒரு தடவை துணிந்து தூக்கிப் பார்த்த பருந்துக்கு ஊதாக் குஞ்சும் குஞ்சுதான்.

கொல்லைப்புறம்:
குஞ்சுதான். 5 வாரம். 14ல 6 போச்சு. 4 பகல்ல காணோம். ரெண்டு மட்டும் காலைல பார்த்தா கூண்டுக்குள்ளயே செத்துக் கிடந்துச்சு, தலை இல்ல.

சிறகுநோக்கி:
கடைசி வரியை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். இங்கே திருடர் ரெண்டு பேர். பருந்து இரவில் வராது, கூண்டுக்குள் தலையை மட்டும் எடுக்கவும் செய்யாது. பகலில் காணாமல் போனது பருந்தாகவோ வல்லூறாகவோ காக்கையாகவோ இருக்கலாம். போன இடத்தில் இறகு வட்டமாகப் பரவிக் கிடந்து, இறகின் அடித்தண்டு முறியாமல் முழுசாக இருந்தால், பறவை பிடித்து அங்கேயே உரித்துத் தின்றிருக்கிறது. தண்டு கடிபட்டு முறிந்திருந்தால் நாலுகால் விலங்கு. எதுவுமே கிடக்கவில்லை என்றால் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது.

தலையில்லாத ரெண்டைப் பற்றி ஒரு கேள்வி. கூண்டுக் கம்பியின் கண் எத்தனை அங்குலம்? குஞ்சுகள் கம்பியை ஒட்டித் தூங்குகின்றனவா?

கொல்லைப்புறம்:
2 இஞ்ச். ஆமா, ஓரத்துலதான் தூங்கும்.

சிறகுநோக்கி:
அப்போ மேலே வலை போட்டாலும் இது நிற்காது. இரவில் வரும் விலங்கு, கம்பியை ஒட்டித் தூங்கும் குஞ்சின் தலையைக் கண் வழியாக வெளியே இழுத்துக் கடித்துவிடும். மரநாயா காட்டுப்பூனையா என்று தேடுவதை விட ஓட்டையை அடைப்பது முக்கியம். தரையிலிருந்து 2 அடி உயரம் வரை, சுற்றிலும், அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலை அடியுங்கள். மெல்லிய அறுகோணக் கோழிவலை வேண்டாம், அது கோழியை உள்ளே வைக்கத்தான் ஆகும், வெளியே இருப்பதைத் தடுக்காது. கீழே ஓர் அடி அகலத்தை வெளிப்பக்கமாக மடக்கித் தரையில் படுக்கவைத்து மண் போட்டு மூடுங்கள். தோண்டிப் பார்க்கும் விலங்கு அதில் இடித்து நின்றுவிடும். தூங்கும் இடத்தைச் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள்.

நரம்புக்கட்டு:
மேலே வலைக்குப் பதிலா தூண்டில் நரம்பு கட்டுங்க. கண்ணுக்குத் தெரியாது, சிறகுல பட்டதும் பயந்து திரும்ப வராது. இதை விடச் சுலபம் எதுவும் இல்ல.

சிறகுநோக்கி:
தயவுசெய்து வேண்டாம். கண்ணுக்குத் தெரியாததுதான் ஆபத்தே. வேகமாக வரும் பறவையின் சிறகு அறுந்து தொங்கும். அறுந்து விழுந்த துண்டு குஞ்சின் காலில் சுற்றினால் ரத்தம் நின்று விரலே போய்விடும். வேட்டைப் பறவைகளைக் காயப்படுத்துவது பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி குற்றம். வெள்ளையாக, தடிமனாக, தூரத்திலிருந்தே தெரியும் கயிறு கட்டுங்கள். அது வராமல் இருந்தால் போதும், அடிபட வேண்டியதில்லை.

நரம்புக்கட்டு:
தெரிஞ்சா அது பழகிடும்ல? சிடிக்குப் பழகின மாதிரி.

சிறகுநோக்கி:
சிடி மிரட்டல், அதனால் பழகிவிடுகிறது. கயிறு தடை. சிறகை விரித்து இறங்க இடமில்லை என்பது பழகினாலும் மாறாது.

கம்பிவேலி:
வலை கேட்டார், அதுக்கு யாரும் பதில் சொல்லவே இல்ல. 5 செ.மீ. கண், முடிச்சுப் போட்ட பாலித்தீன் நூல் வலை, வெயில் தாங்கும் வகைன்னு கேட்டு வாங்குங்க. பருந்து, வல்லூறு, காக்கை மூணுக்கும் இது போதும். இன்னும் பொடிக்கண் எடுத்தா இலை தங்கும், காத்துல பாய்மரம் மாதிரி இழுக்கும்.

20-க்கு 15 அடி இடம்னா 22-க்கு 17 அடி வலை வேணும். நாலு பக்கமும் ஓர் அடி தொங்கணும், அதைப் பக்கவாட்டுக் கம்பியோட சேர்த்து ஒரு சாணுக்கு ஒரு கட்டு போடணும். மூலையிலதான் இடைவெளி விழும், அங்க இரட்டைக் கட்டு. உயரம் 7 அடி வைங்க, இல்லன்னா உள்ள போய்ப் பெருக்க முடியாது.

முதல்ல சுத்துக் கம்பியை முறுக்கி இறுக்கிட்டு அப்புறம்தான் வலை. நேரா வலையைக் கட்டினா நடுவுல தொய்யும். தொய்ஞ்ச இடத்துல பருந்து உக்காந்து அழுத்தினா, கீழே நிக்குற குஞ்சை நகத்தால கண் வழியாவே குத்தும். நடுவுல 8 அடிக் கம்பம் ஒண்ணு நட்டு, உச்சியில பழைய பக்கெட்டைக் கவிழ்த்து வைங்க. வலை கிழியாது, கூரை மாதிரி சரிவும் வரும்.

மண்வெட்டி:
வலை கட்டி முடியுற வரைக்கும் குஞ்சைப் பஞ்சாரத்துலயே வைங்க. கொஞ்ச நாள் இரை கிடைக்கலன்னா பருந்து வேற இடம் பார்க்கும். மீன் குடல், கறிக்கழிவு எதையும் கொல்லையில போடாதீங்க, பருந்துக்கு அதுதான் அழைப்பு.

பெரிசானதும் திறந்து விடும்போது ஒளிய இடம் வேணும். 10 அடிக்கு ஒண்ணா முழங்கால் உயரத்துல பலகை மேடை போடுங்க, இல்லன்னா புதர். சேவல் வானத்து ஆபத்துக்கு ஒரு குரல், தரை ஆபத்துக்கு வேற குரல் கொடுக்கும். குரல் கேட்டு ஓடிப் பதுங்க இடமில்லன்னா சேவல் கத்தி என்ன பயன்?

பழைய கூண்டு:
வால் பிளந்திருந்ததா என்று இன்னும் அவர் சொல்லவில்லை.

கொல்லைப்புறம்:
வலை கட்டியாச்சு. கீழே அரை இஞ்ச் கம்பியும் அடிச்சாச்சு. 8 குஞ்சும் இருக்கு. வால் பிளந்துதான் இருந்துச்சு. எல்லாருக்கும் நன்றி.

கம்பிவேலி:
நடுக்கம்பம் நட்டீங்களா? கூண்டுக் கதவுக்கு மேல வலை எங்க கட்டினீங்க? கதவு திறக்குறப்ப அங்கதான் பிரியும்.

கம்பிவேலி:
இருக்கீங்களா?