விட்டு விட்டு சார்ஜ் ஏறாத ஆல்டர்னேட்டர்: உங்களுக்கு நடந்தது என்ன?

ராத்திரி சவாரி:
இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்தான் தகராறு. வழக்கமான கதைதான். காலையில் செல்ஃப் சட்டென்று எடுக்கும், மீட்டர் வைத்தால் 14.2 வோல்ட். நன்றாக ஓடிச் சூடானதும் பேட்டரி லைட் மங்கலாக எரியும், அப்புறம் தானாகவே அணைந்துவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் வண்டி நல்லபிள்ளை ஆகிவிடும். "டைனமோ நல்லா இருக்கு சார், பேட்டரிதான் போச்சு" என்றார், ஆல்டர்னேட்டரைத்தான் டைனமோ என்கிறார். புது பேட்டரியும் இறங்கியது.

ஒரு மழை இரவு. வைப்பர் பாதிக் கண்ணாடியில் தயங்கித் தயங்கி நகர்ந்தது, ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது. ஓரங்கட்டி பானட்டைத் திறந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பெல்ட்டுக்குக் கை போகாமல், ஸ்க்ரூட்ரைவர் பிடியால் ஆல்டர்னேட்டரின் பின்மூடியில் ஒரு தட்டு. இன்ஜின் சத்தம் சட்டென்று கனத்தது. எதிரே இருந்த மதில் பளிச்சென்று வெளுத்தது. அந்த நொடி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கழற்றிப் பார்த்தால் ரோட்டாருக்கு (உள்ளே சுழலும் காந்தச் சுருளுக்கு) கரண்ட் கொடுக்கும் ஒரு கார்பன் பிரஷ் தேய்ந்து, ஸ்பிரிங் தள்ளினாலும் அதோடு சுழலும் ஸ்லிப் ரிங்கைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. பிரஷ் மட்டும் மாற்றினேன், ரிங்கைத் துடைத்தேன். அவ்வளவுதான்.

ஒயர் பைத்தியம்:
தட்டினால் வேலை செய்கிறது, அதனால் பிரஷ்தான் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். தட்டும்போது கப்ளரும் (ஒயர்களைச் செருகும் பிளக்) ஆடும், ஒயரும் ஆடும். என் வண்டியும் தட்டினால் சரியாகும். பிரஷ் புதுசு மாதிரி இருந்தது.

லைட், ஃபேன் எல்லாம் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் வெளியேறும் பி பிளஸ் போல்ட்டில் மீட்டர் வைத்தேன்: 14.4. பேட்டரி பிளஸ்ஸில் 12.3. நடுவில் இரண்டு வோல்ட்டை யார் தின்றார்கள்? ஒயரைத் தடவிக்கொண்டே போனேன், ஒயர் நுனியில் உள்ள லக்குக்குப் பக்கத்தில் ஓர் இடம் விரலைச் சுட்டது. உறையை வெட்டினால் உள்ளே செம்பு பச்சை பூத்து, பாதி இழைகள் அற்றுக் கிடந்தன. வெளியே பார்த்தால் ஒயர் புத்தம் புதுசு! அந்த பி பிளஸ்ஸுக்கு ஃப்யூஸும் உண்டு, அதன் போல்ட் லூஸாக இருந்தாலும் இதே ஆட்டம்தான். எர்த் பக்கமும் பாருங்கள். ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரைச் சந்தேகப்படலாம்.

பழைய டீசல்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம், பெல்ட் லூஸ், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மாற்றியதும் தீர்ந்தது. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "சார்ஜ் ஆகுதா பார்க்கலாம்" என்பவரை இன்னமும் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். டைனமோ இருந்த காலத்து வண்டியில் ஓடியிருக்கலாம். ஆல்டர்னேட்டர் கரண்ட் தள்ளிக்கொண்டிருக்கும்போது பேட்டரி திடீரென்று விலகினால், ரோட்டாரின் காந்தப்புலம் உடனே அடங்காது. அந்தக் கொஞ்ச நேரத்தில் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். டயோடு போகலாம், ரெகுலேட்டர் போகலாம், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூவே போகலாம். இருந்த கோளாறு விட்டு விட்டு வந்தது, இனி நிரந்தரமாகிவிடும். ஒரு மீட்டர் வாங்குங்கள். இன்ஜின் அணைந்து சில மணி நேரம் ஆன பேட்டரியில் 12.6 இருக்க வேண்டும், ஓடும்போது 13.8 முதல் 14.5. அதற்குக் கீழே காட்டினால் ஆல்டர்னேட்டர் போச்சு என்று அர்த்தம். அளவைச் சூடான வண்டியில் எடுங்கள். பேட்டரி டெர்மினலையும் சுரண்டி விடுங்கள். கேபிளையும் மாற்றினால் இன்னும் நல்லது. அப்புறம்...

நாலாவது கியர்:
"கீழே காட்டினால் போச்சு" என்பதை ஏற்க முடியாது அண்ணே. எரிபொருளை மிச்சம் பிடிக்க இசியூவே சார்ஜைக் குறைக்கும் வண்டிகள் எத்தனையோ வந்துவிட்டன. என்னுடையதில் சீராக ஓட்டும்போது 12.7தான். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சரசரவென்று 14.8 ஏறும், மறுபடி மிதித்தால் இறங்கிவிடும். ஆல்டர்னேட்டரை மாற்றச் சொன்ன எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து, மீட்டரைக் கையில் கொடுத்து ஓட்டிக் காட்டினேன். இரண்டாம் முறை காலை எடுத்தபோது ஆள் பேச்சையே நிறுத்திவிட்டார். ஹெட்லைட் போட்டதும் என் வண்டியில் 14க்கு மேல் நிலையாக நின்றுவிடும். எல்லா மாடலும் அப்படியல்ல, மேனுவலைப் பாருங்கள்.

கரிப்புகை:
பழைய வண்டிக்காரர்கள் டாஷ்போர்டையும் விட்டுவிடாதீர்கள். சாவி போட்டதும் பேட்டரி லைட் எரிய வேண்டும். எனக்குச் சில நாள் எரியாது, அன்றைக்கெல்லாம் சார்ஜும் ஏறாது. ஓங்கி ரெவ் கொடுத்தால்தான் ஆல்டர்னேட்டர் விழிக்கும். அந்த பல்பு வழியாகத்தான் ரோட்டாருக்கு முதல் கரண்ட் போகிறது. பல்பு ஹோல்டரில் தொடர்பு சரியில்லை. டாஷ்போர்டில் ஒரு குத்து விட்டேன், சிவப்பு லைட் வந்தது, ஸ்டார்ட் செய்தேன், சார்ஜ்! இன்ஜின் பக்கமே போகவில்லை. அங்கே எல்இடி பல்பு போட்டாலும் சில வண்டிகளில் இதே தொல்லை, அது இழுக்கும் கரண்ட் போதாது.

ராத்திரி சவாரி:
ஒயர் பைத்தியம், நான் தட்டியது நேராகப் பின்மூடியில். கப்ளர் வேறு பக்கம் இருக்கிறது.

ஒயர் பைத்தியம்:
இருக்கட்டும். கழற்றாமலே பிரஷ் என்று சொல்லியிருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

புது லைசென்ஸ்:
சண்டைக்கு நடுவே மன்னிக்கவும். எனக்கு ஏசி கம்ப்ரஸர் சேரும்போது மட்டும் லைட் மின்னுகிறது. பெல்ட் புதுசு, டென்ஷனர் புதுசு, ஒயர் சொட்டு வோல்ட்டும் தின்னவில்லை. ஆல்டர்னேட்டரில் பெல்ட் ஓடும் சக்கரம் ஒருவழி கிளட்ச் வைத்த கப்பி. அதுவாக இருக்குமா?

கரிப்புகை:
இருக்கும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டர் ஃபேன் அசையாமல் பிடித்துக்கொண்டு கப்பியைத் திருப்புங்கள். ஒரு பக்கம் சும்மா சுற்ற வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் கப்பியை மட்டும் மாற்றுங்கள். அதற்குத் தனி டூல் வேண்டும், சுத்தியலோடு போகாதீர்கள்.