கதியால் போடாத காணி

வாட்ஸ்அப் குழு: அம்மம்மா வீட்டார்
ஞாயிறு, பின்னேரம்

பெரியப்பா: கிணறு இறைத்துச் சேறும் எடுத்தாகிவிட்டது. பங்குக்காரர் எல்லோரும் காசு அனுப்பவும்.

தங்கச்சி: பெரியப்பா, ஒரு சந்தேகம். அந்தாட்டிக்கா யாருடைய காணி? நாளைக்கு வகுப்பில் பேச வேண்டும்.

மெல்பேர்ண் அண்ணா: அதில் 42 வீதம் எங்களுடையது 😎

தங்கச்சி: எங்களுடையது என்றால் கோண்டாவிலுக்கா, அவுஸ்திரேலியாவுக்கா?

லண்டன் சித்தப்பா: பிரித்தானியாவுக்கும் ஒரு துண்டு உண்டு. ஆனால் அந்தப் பக்கத்தை ஆர்ஜென்டீனாவும் சிலியும் தங்களுடையது என்கின்றன. மூன்று பேருக்கும் ஒரே வேலி.

ஒஸ்லோ மாமி: நோர்வேக்கு இராணி மோட் நிலம்.

நான்: பாரிஸ் மாமா வேலையில் போல. பிரான்சுக்கு அடேலி நிலம். நியூசிலாந்தும் சேர்ந்தால் உரிமை கேட்பவை ஏழு நாடுகள். அதில் நான்கு நாட்டுக்காரர் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள்!

கனடா சின்னம்மா: கனடாவுக்கு ஒன்றும் இல்லையா? இவ்வளவு பனிக்குள் கிடக்கிறோமே.

நான்: மேரி பேர்ட் நிலம் என்று ஒரு பகுதியை ஒரு நாடும் கேட்கவில்லை சின்னம்மா. இலங்கையைப் போல இருபது மடங்குக்கு மேல்.

கனடா சின்னம்மா: எங்கே கையெழுத்து வைக்க வேண்டும்?

பெரியப்பா: வைக்க முடியாது. நொத்தாரிசிடம் முப்பது வருடம் உறுதி எழுதியவன் சொல்கிறேன். 1959 டிசம்பர் 1-ஆம் திகதி வாஷிங்டனில் 12 நாடுகள் ஒப்பந்தம் எழுதின. 1961-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் நான்காவது பிரிவுதான் கெட்டிக்காரப் பிரிவு. பழைய உரிமையை விடச் சொல்லவில்லை, மற்றவன் அதை ஏற்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. வழக்கு அப்படியே கிடக்கட்டும், ஆனால் புது வழக்குப் போடாதே, இருக்கிற எல்லையையும் அரக்காதே. ஒப்பந்தம் நடக்கிற காலத்தில் அங்கே நீ என்ன கட்டினாலும் அது உரிமைக்கு ஆதாரம் ஆகாது. பத்து வருடம் ஆண்டு அனுபவித்தேன் என்று இங்கே காணி எடுக்கிறார்களே, அந்தப் பருப்பு அங்கே வேகாது.

தங்கச்சி: ஒருவரும் முயற்சி செய்து பார்க்கவில்லையா?

நான்: ஆர்ஜென்டீனா ஒரு கர்ப்பிணியைத் தன் எஸ்பெரான்சா தளத்துக்கு அனுப்பியது. 1978 சனவரியில் அங்கே பிள்ளை பிறந்தது. அந்தக் கண்டத்தில் பிறந்ததாகப் பதிவான முதற் குழந்தை.

பெரியப்பா: பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டிக் காணி கேட்ட கதை! நல்ல மூளை. ஆனால் பலிக்கவில்லை.

ஒஸ்லோ மாமி: இந்தியாவும் அங்கே தளம் வைத்திருக்கிறதே?

நான்: 1989-இல் தொடங்கிய மைத்திரி உங்கள் பக்கம் மாமி. 2012-இல் தொடங்கிய பாரதி மெல்பேர்ண் அண்ணாவின் பக்கம்.

மெல்பேர்ண் அண்ணா: எங்களிடம் கேட்கவே இல்லையே.

பெரியப்பா: ஏன் கேட்க வேண்டும்? ஆராய்ச்சிக்கு இடம் உண்டு. படைத்தளம், ஆயுதச் சோதனை, அணுகுண்டு வெடிப்பு எதுவும் கூடாது. ஆலோசனைத் தரப்பு நாடுகள், அதாவது ஒப்பந்தத்தில் தீர்மானம் எடுக்கும் உரிமை உள்ளவை, மற்றவரின் தளத்துக்குள் போய்ச் சோதித்துப் பார்க்கவும் உரிமை உண்டு. இங்கே பக்கத்து வளவுக்குள் விழுந்த தேங்காயை எடுக்க நான் படுகிற பாடு!

பாரிஸ் மாமா: (பல தடவை பகிரப்பட்டது) 2048-இல் அந்தாட்டிக்கா ஒப்பந்தம் காலாவதி!! எண்ணெய்க்காக உலகப் போர்!! எல்லோருக்கும் அனுப்பவும் 🙏

நான்: மாமா வந்துவிட்டார். அது பிழையான தகவல். ஒப்பந்தத்துக்கு முடிவுத் திகதியே கிடையாது. சுரங்கம் தோண்டுவதைத் தடுத்தது 1991-இல் எழுதிய மட்ரிட் உடன்பாடு, அது 1998-இல் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து 50 வருடம் கழிந்தால் ஓர் ஆலோசனைத் தரப்பு நாடு மீளாய்வுக் கூட்டம் கேட்கலாம். அப்போதும் சுரங்கத்துக்கென்று தனிச் சட்ட ஏற்பாடு இல்லாமல் அந்தத் தடை எழும்பாது.

பாரிஸ் மாமா: சரி சரி. ஆனால் நான் மூன்று குழுவுக்கு அனுப்பிவிட்டேனே.

லண்டன் சித்தப்பா: தீர்மானம் எடுப்பது வாக்கெடுப்பிலா?

பெரியப்பா: இல்லை, எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு பங்காளி முறுக்கினாலும் அலுவல் நிற்கும். அங்கத்தைய கடல்வளத்தைப் பார்க்கும் ஆணையத்திலும் இதே முறைதான். ரொஸ் கடலைப் பாதுகாக்க 2016-இல் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். கிழக்குப் பக்கக் கடலுக்கான யோசனை வருடக் கணக்காக இழுபடுகிறது.

தங்கச்சி: அம்மம்மா வீட்டு உறுதி போல.

பெரியப்பா: அதை இந்தக் குழுவில் கதைக்க வேண்டாம் பிள்ளை. கிணற்றை மட்டும் கதைப்போம். 42 வீதக்காரரின் பங்கு இன்னும் வரவில்லை.

மெல்பேர்ண் அண்ணா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கனடா சின்னம்மா: நான் வாசித்துவிட்டேன் 😂